மச்சுக் கிராதியும் புளியங்கொட்டைக் கூழும்

மாடியில் நின்று பேசும்போது கிராதியின் மேல் முழங்கையை ஊன்றிக்கொள்வது உங்களில் பலருக்குப் பழக்கமாக இருக்கும். எனக்கு அது கிடையாது. இந்த வயதில் இடுப்பும் முழங்காலும் எதையாவது பிடித்துக்கொள் என்று கெஞ்சுகின்றன. ஆனாலும் மரக் கிராதியைக் கண்டால் ஓரடி தள்ளித்தான் நிற்பேன். அம்மாவுக்கு உயரம் என்றால் பயம் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்களும் என் வயதுக்காரர்கள்தான். உங்களுக்கும் பல் போயிருக்கும், வாய் போயிருக்காது. என் வாயை ஒரு கோடைக்காலத்தில் மூட வேண்டிய இடத்தில் திறந்தேன், திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் ஊர் நாமக்கல்லுக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவில். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். எனக்கு ஒன்பது வயது. நான் நடக்கப் பழகும் முன்பே அம்மா போய்விட்டாள். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, புருஷனை இழந்து ஒரு மகனோடு எங்கள் வீட்டுக்கு வந்து, என்னையும் அண்ணனையும் சேர்த்து வளர்த்தாள். எனக்குத் தலை வாரிப் பின்னியது, அம்மை போட்டபோது வேப்பிலையால் வருடிக்கொண்டே உட்கார்ந்திருந்தது எல்லாம் அவள்தான். நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பாள். கவிச்சி தொடமாட்டாள். வீட்டுக்குள் அவள் வைத்ததுதான் சட்டம். அப்பாகூட அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாட்டுச் சந்தைக்குப் புறப்பட மாட்டார்.

அந்த வருஷம் அண்ணனுக்குக் கலியாணம் நிச்சயமானது. வைகாசியில் முகூர்த்தம். அப்பா அதற்கு முன்பே ஓட்டு வீட்டின் மேல் ஒரு மச்சு எழுப்பி, முன்பக்கம் ஆறு மரத்தூண்களை நிறுத்தியிருந்தார். தூணுக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள இடத்தை அங்கணம் என்போம். ஐந்து அங்கணமும் கிராதி இல்லாமல் திறந்து கிடந்தன. ஆடு ஏறினால்கூட விழுந்துவிடும் என்று என்னை மேலே விடமாட்டார்கள். மணமக்கள் வண்டியில் வந்து வாசலில் இறங்கும்போது ஒறம்பரை, அதாவது சொந்தக்காரப் பெண்கள் எல்லாம் மச்சில் வரிசையாக நின்று பார்க்க வேண்டும் என்பது அத்தையின் ஆசை. அதற்குள் கிராதி வைத்தாக வேண்டும் என்று அப்பாவை அரித்து எடுத்தாள்.

ஊர் ஆசாரியைக் கூப்பிட்டு வேலையை ஒப்படைத்தார்கள். நாற்பது வயதிருக்கும் அவருக்கு. எங்கள் வீட்டில் யாரும் அவரை 'அவர்' என்று சொன்னதில்லை. அப்பா 'வாடா' என்பார், நான்கூட 'ஆசாரி, என்ன பண்றே' என்றுதான் கேட்பேன். அவர் எனக்கு 'என்னங்க சின்னம்மிணி' என்று பதில் சொல்வார். இப்போது எழுதும்போது அவர், அவர் என்று எழுதுகிறேன். அதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல்.

கொல்லிமலையிலிருந்து இறக்கிய வேங்கை மரம் இரண்டு வருஷமாகக் கொட்டகையில் காய்ந்துகொண்டிருந்தது. மாசியில் வேலை தொடங்கியது. ஒவ்வொரு கிராதிக்கும் மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், இரண்டு பக்கத்திலும் தூணை ஒட்டி நிற்கப் பக்கச் சட்டம், நடுவில் ஒன்பது கடைசல் கால்கள். கடைசல் மரத்தில் கயிற்றைச் சுற்றி ஆசாரியின் மனைவி இழுப்பாள். கால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சுழல, ஆசாரி உளியை வைத்தால் சீவல் சுருள் சுருளாக வந்து அவர் மடியில் விழும். சீவலை அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு திரிவேன். ஈரக் கையோடு தொட்டால் வேங்கை மஞ்சளாகக் கறை பிடிக்கும். மஞ்சள் பூசிக் குளித்தவள் மாதிரி உள்ளங்கையோடு திரிந்த என்னை அத்தை தினமும் கல்லில் தேய்த்துக் கழுவுவாள்.

சட்டத்தில் உளியால் குழி எடுப்பார்கள், அதற்குப் பொளி என்று பெயர். காலின் முனையைச் செதுக்கி நாக்கு விடுவார்கள். நாக்கு பொளிக்குள் போய் உட்கார வேண்டும். கையால் அழுத்தினால் பாதி போக வேண்டும், மீதி கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியலால் தட்டினால்தான் போக வேண்டும் என்பது ஆசாரியின் கணக்கு. முழுக்கக் கையாலேயே போய்விட்டால் அந்தக் காலைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு கடைவார். எறிந்ததையெல்லாம் பொறுக்கி நான் பொம்மைக் கலியாணத்துக்கு மாப்பிள்ளையாக்கினேன். அப்படிப் பத்துப் பன்னிரண்டு மாப்பிள்ளைகள் என்னிடம் இருந்தார்கள்.

சித்திரை பிறந்ததும் ஒட்டுகிற வேலை. வெள்ளிக்கிழமை காலையில் கொட்டகை ஓரத்தில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார் ஆசாரி. பெரிய சட்டியில் தண்ணீர், அதற்குள் ஒரு சின்னச் செம்பு. செம்புக்குள் முந்தின நாளே ஊற வைத்த பழுப்பு நிறத் துண்டுகள். வெல்லப்பாகு காய்ச்சுகிறார்கள் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன். வாடை தூக்கி அடித்தது, முடி பொசுங்கின மாதிரி. அத்தையும் வந்து எட்டி நின்று பார்த்தாள்.

"அதென்ன ஆசாரி, செம்புல?"

"வச்சிரமுங்க பெரியம்மிணி. நாக்குல தடவிப் பூட்டிட்டா மரமும் மரமும் ஒண்ணா ஆயிருமுங்க."

வச்சிரம் என்றதும் அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்த வச்சிரம் இந்திரன் கையில் இருப்பது. "தேவேந்திரன் ஆயுதத்துப் பேரல்ல வெச்சிருக்காங்க! நல்ல நாளும் அதுவுமா தொடங்கறே, பொட்டு வெக்காம தொடங்கலாமா?" என்றாள். தான் பொட்டு வைக்கக் கூடாது என்று என்னைக் கூப்பிட்டாள். நான் அந்தச் சட்டிக்கு மூன்று பக்கமும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தேன். அத்தை சூடம் கொளுத்தச் சொல்லிக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். ஆசாரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் மனைவி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டாள். அவள் சிரிக்கத்தான் போனாள் என்பது எனக்கு நாலு நாள் கழித்துத் தெரிந்தது.

ஒட்டுகிற நேரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ள மாட்டார்கள். பேசினால் அந்த நேரத்துக்குள் வச்சிரம் ஆறிவிடும். முதலில் கிராதியை வெறுமனே பூட்டிப் பார்த்து, எந்தக் கால் எந்தப் பொளிக்கு என்று உளியால் கீறி வைப்பார். பிறகு கழற்றி வெயிலில் அடுக்குவார். மரம் சூடாக இருந்தால்தான் வச்சிரம் உள்ளே இறங்கும். காற்றுப் புகாமல் கொட்டகைக்குச் சாக்கைத் தொங்கவிட்டு, நசுக்கிய தென்னை நாரால் அவர் தடவத் தடவ, அவள் எடுத்துச் சொருகிக்கொண்டே போவாள். ஒன்பது காலும் சொருகியானதும் மேல் சட்டத்தைக் கவிழ்த்துக் கொட்டாப்புளியால் தட்டுவார். கிராதியைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி, கயிற்றுக்குள் கோலைக் கொடுத்து முறுக்குவார். மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒரே அளவு வந்தால் மூச்சு விடுவார். மறுநாள் ஒவ்வொரு மூட்டிலும் துளை போட்டு மூங்கில் ஆணி அறைவார். நாக்கில் உள்ள துளை ஒரு நெல் அளவு உள்ளே தள்ளி இருக்கும். ஆணி இறங்க இறங்க நாக்கை இழுத்துப் பொளிக்குள் இறுக்கும்.

முதல் கிராதி இப்படி முடிந்தது. இரண்டாவதுக்குச் செம்பை அடுப்பில் வைத்தபோதுதான் ஆசாரியின் மனைவியிடம் கேட்டேன். "வச்சிரம் எந்த மரத்துல காய்க்குது?"

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மரத்துலயா? மாட்டுத்தோலு, நரம்பு, குளம்பு எல்லாத்தையும் போட்டுக் காச்சி எடுக்கறதுங்க சின்னம்மிணி. ஊட்டுல சொல்லிப்போடாதீங்க சாமி, பெரியம்மிணி கும்புட்டது தெரிஞ்சா எங்களைக் கொன்னுபோடுவாங்க."

சொல்ல மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். சத்தியம் இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் கிணற்று மேட்டில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டுகிற இடத்தில், ஈரமாகக் கிடந்த தோல் பையின் வாயில் கையை விட்டு விளையாடிவிட்டு வீட்டுக்குள் ஓடினேன். அத்தை பிடித்துக்கொண்டாள். "தோலைத் தொட்டுப்போட்டு அடுப்படிக்கு வாரியா? மாட்டுத்தோலுடி அது! போய்த் தலைக்குத் தண்ணி ஊத்திக்க" என்று முதுகில் ஒன்று வைத்தாள். வலிக்கவில்லை. பக்கத்தில் அவள் மகன் நின்று பல்லைக் காட்டினான், அதுதான் வலித்தது.

"நீங்க மட்டும் மாட்டுத்தோலைக் கும்புட்டீங்களே!" என்றேன். "வச்சிரம்னா மாட்டுத்தோலுதான். நாந்தான் பொட்டு வெச்சேன்!"

தோல் கவலையில் இறைத்த தண்ணீரில் விளைந்த நெல்லைத்தான் நாங்கள் எல்லோரும் தின்றோம், அத்தையும் தின்றாள். இது இப்போது தெரிகிறது. அன்றைக்கு அத்தையின் முகத்தில் ரத்தம் வற்றியதைப் பார்த்து எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை மறைக்க மாட்டேன். அடுத்த நிமிஷம் அவள் கொட்டகைக்கு நடந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். இனி அழுது என்ன பயன் என்று தெரியாத வயது, அழுதுகொண்டே ஓடினேன்.

அப்பா ஊரில் இல்லை. கலியாணத்துக்குத் துணியும் மளிகையும் எடுக்கச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போயிருந்தார், வர நாலைந்து நாளாகும். மூன்றாவது கிராதிக்காக அடுப்பில் ஏறியிருந்த செம்பை அத்தை காலால் எட்டி உதைத்தாள். வச்சிரம் சாம்பலில் ஊற்றிப் புகைந்தது. ஊட்டுக்கு வார மருமவ கை வெக்கற எடத்துல மாட்டுத்தோலா, என்னையும் கும்புட வெச்சிட்டியே என்று கத்தினாள். தன்னைக் கும்பிட வைத்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒட்டிய இரண்டு கிராதியையும் உடனே பிரித்துக் கழுவச் சொன்னாள்.

"பிரிச்சா மரம் கெட்டுப்போயிருமுங்க பெரியம்மிணி. பண்ணாடி வந்துரட்டுமுங்க, அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்றார் ஆசாரி.

"அவன் வந்தா உன்னையும் பிரிச்சுப்போடுவான். பிரி."

மூங்கில் ஆணிகளைத் துளைத்து எடுத்தார்கள். கொதிக்கும் தண்ணீரைத் துணியில் நனைத்து மூட்டுகளில் சுற்றி, மேலும் மேலும் ஊற்றினார்கள். சூடு பட்டால் வச்சிரம் இளகிவிடும். வேங்கையிலிருந்து மஞ்சளும் சிவப்புமாகச் சாயம் இறங்கிக் கொட்டகைத் தரையெல்லாம் ஓடியது. ஆசாரியின் மனைவி என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அதை இத்தனை வருஷம் சுமந்திருக்க மாட்டேன்.

மற்ற மூன்று கிராதிக்கும் பசையே வேண்டாம், நாக்கு புதிதாக இறுக்கமாக இருக்கிறது, ஆணியே போதும் என்றார் ஆசாரி. பிரித்த இரண்டுக்கும்தான் வழி இல்லை. தண்ணீர் குடித்து நாக்குகள் ஊதியிருந்தன, ஆணித் துளைகள் அகன்றுவிட்டன. அத்தை ஒரு வழி சொன்னாள். கம்பளி நெய்கிறவர்கள் புளியங்கொட்டைக் கூழ் காய்ச்சித்தான் நூலை விறைப்பாக்குகிறார்கள், அதைத் தடவு என்றாள். கொட்டையை வறுத்துத் தோலுரித்து நான்தான் உரலில் இடித்துக் கொடுத்தேன். வறுத்த வாசனை நன்றாக இருந்தது. என் பாவத்துக்கு ஏதோ பரிகாரம் செய்கிறேன் என்று நினைத்து இன்னும் வேகமாக இடித்தேன்.

இரண்டையும் பூட்டி மேலே ஏற்றி, நாலாவது ஐந்தாவது அங்கணத்தில் நிறுத்திய நாளன்று, ஆசாரி அத்தையின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அத்தையின் பக்கத்தில் நின்றேன்.

"பெரியம்மிணி, ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. புளியங்கொட்டைக் கூழு நூலைப் புடிக்கும், மரத்தைப் புடிக்காதுங்க. இப்ப நாக்கு ஈரத்துல ஊதியிருக்குது, அதனால நிக்குது. இந்த அக்கினி வெய்யில்ல பத்து நாள் காஞ்சா இளைச்சுப்போயிருமுங்க. கடைசி ரெண்டு அங்கணத்துக்குக் குறுக்கால கயிறு கட்டி வெச்சிருங்க. ஆரும் அக்கட்ட போய்ச் சாயப்படாதுங்க. கலியாணம் முடிஞ்சதும் புது மரத்துல நான் செஞ்சு தாரேன்."

"செரி, நாம் பாத்துக்கறேன்" என்றாள் அத்தை. அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள். "கண்ணு, இதை ஆருகிட்டயும் பேசாதே. கலியாண ஊட்டுல உழுகும் ஒடையும்னு பேசப்படாது."

அத்தையைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். கயிறு கட்ட வேண்டும் என்று அவள் நினைத்துத்தான் இருப்பாள். ஆனால் கலியாண வீட்டில் ஒரு பெண்பிள்ளை தலைமேல் எத்தனை இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பந்தல்காரர்கள் வந்து கிராதி முழுக்க மாவிலையும் தென்னங்குருத்துத் தோரணமும் கட்டிவிட்டார்கள். ஐந்து அங்கணமும் ஒரே மாதிரி பச்சைப்பசேல் என்று ஆகிவிட்டது.

முகூர்த்தம் பெண் வீட்டில் நடந்து, மறுநாள் சாயங்காலம் மணமக்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். மேளச் சத்தம் கேட்டதும் பெண்களும் பிள்ளைகளும் மச்சுக்கு ஓடினோம். நான் ஓடிப் போய் நின்றது ஐந்தாவது அங்கணத்தில். அங்கிருந்துதான் வண்டி வருகிற பாதை நன்றாகத் தெரியும். நின்ற பிறகு நினைவு வந்தது. கையை எடுத்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் பெரியப்பா மகள், என்னைவிட ஆறு வயது மூத்த அக்கா, "நகுரு புள்ளே, நீயே மறைச்சுட்டு நிக்கறியே" என்றாள். நான் நகர்ந்தேன். நடு அங்கணத்துக்குப் போய்விட்டேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. உழுகும் ஒடையும் என்று பேசக் கூடாது அல்லவா. சொன்ன சொல்லைக் காப்பாற்றாத நான் அன்றைக்குப் பார்த்துக் காப்பாற்றினேன்.

கீழே வாசலில் ஆசாரியும் அவர் மனைவியும் புது வேட்டி சேலையில் நின்றிருந்தார்கள். அவர் மேலே பார்த்தார். கயிறு இல்லாததைப் பார்த்துவிட்டார். இரண்டு கையையும் தூக்கி வீசிக்கொண்டு, "அக்கட்ட போங்க, சாயாதீங்க, அக்கட்ட போங்க" என்று கத்தினார். அவர் வாய் அசைவது எனக்குத் தெரிந்தது. மேளத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மணமகளைப் பார்க்கச் சந்தோஷத்தில் குதிக்கிறார் என்று நினைத்துப் பெண்கள் சிரித்தார்கள். வண்டி வாசலுக்கு வந்தது. எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். மேல் சட்டம் பக்கச் சட்டத்தை விட்டுச் சத்தமே இல்லாமல் கழன்று போனது. கடைசல் கால்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அக்கா மட்டும் விழுந்தாள்.

முதலில் ஓடி அவளைத் தூக்கியது ஆசாரிதான். உயிருக்கு ஒன்றுமில்லை. வலது முழங்கை நொறுங்கியிருந்தது. எலும்பு கட்டுகிறவரை வரவழைத்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். கை பிறகு நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. அக்கா கடைசி வரை இடது கையால்தான் சோறு தின்றாள். பந்தியில் உட்கார வெட்கப்பட்டு எந்தக் கலியாணத்திலும் அவள் சாப்பிட்டதில்லை.

அக்காவை உள்ளே படுக்க வைத்துவிட்டு அப்பா வாசலுக்கு வந்தார். ஒறம்பரை முழுக்க நின்றது. உதிர்ந்த காலின் நாக்கில் காய்ந்த கூழ் பொருக்குப் பொருக்காக இருந்தது. அதை ஆசாரியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"என்னடா இது? வச்சிரம் போட்டு ஒட்டறேன்னு சொல்லிப்போட்டு, கூழைத் தடவி ஏமாத்தியிருக்கறே. உனக்குத் தெரிஞ்சிருக்குது. அதனாலதான் கீழ நின்னு கத்தியிருக்கறே."

அவர் கத்தியது அவருக்கே எதிரான சாட்சியாகப் போய்விட்டது. "பெரியம்மிணிகிட்டச் சொன்னனுங்க பண்ணாடி" என்றார் ஆசாரி. "அவங்கதான் வச்சிரம் வேண்டாம்னாங்க. கயிறு கட்டச் சொன்னனுங்க. ஆரும் சாயப்படாதுன்னு சொன்னனுங்க."

"அக்கா, சொன்னானா?" என்று அப்பா அத்தையைக் கேட்டார்.

அத்தை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே அக்கா அலறிக்கொண்டிருந்தாள். பெரியப்பாவும் பெரியம்மாவும் அத்தையையே பார்த்தார்கள். "வச்சிரம் வேண்டாம்னது நாந்தான் தம்பி. மத்தபடி எங்கிட்ட ஒண்ணுஞ் சொல்லுல" என்றாள்.

ஆசாரி என்னைப் பார்த்தார். "சின்னம்மிணி பக்கத்துலயேதானுங்க நின்னாங்க. அவங்களைக் கேளுங்க."

அப்பா குனிந்து என் தோளைப் பிடித்தார். கோபம் இல்லாமல் கேட்டார். "ஏங் கண்ணு, ஆசாரி அத்தைகிட்டக் கயிறு கட்டச் சொன்னானா?"

ஆமாம் என்று சொன்னால் அத்தை ஒறம்பரை முன்னால் பொய்க்காரி ஆவாள். மகனைக் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். ஒரு தடவை தாயில்லாமல் போனது போதாதா? வச்சிரம் என்னவென்று உளறியது யார் என்ற கேள்வியும் வரும். தெரிந்தும் அக்காவுக்கு இடம் விட்டது யார் என்ற கேள்வியும் வரும். இவ்வளவும் ஒன்பது வயதில் நான் யோசித்தேனா, பிறகு சேர்த்துக்கொண்டேனா என்று தெரியவில்லை. சொன்னது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

"எனக்குத் தெரியாதுங்கப்பா."

"சின்னப் புள்ளைங்க, பயந்துக்கிச்சுங்க" என்றார் ஆசாரி. அவ்வளவுதான். உன்ற உளிச் சத்தம் இனி இந்த ஊர்ல கேக்கப்படாது என்றார் அப்பா. அப்பா நியாயஸ்தர் என்று சுற்றுவட்டாரத்தில் பெயர். அவர் சொன்னால் பக்கத்து ஊர்களிலும் சொன்ன மாதிரிதான். ஏர் செய்யக்கூட ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. ஆடி மாதம் அவரும் மனைவியும் ஆத்தூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். கடைசல் மரம் கொட்டகையிலேயே கிடந்தது. கயிறு இற்றுப்போனது. பிறகு யாரோ விறகாக்கினார்கள். என்னிடமிருந்த மாப்பிள்ளைகளை நானே அடுப்பில் போட்டேன்.

பதினேழு வயதில் அத்தை மகனையே எனக்குக் கட்டி வைத்தார்கள். அன்று பல்லைக் காட்டியவன்தான். நல்ல மனிதர், அதில் குறை சொல்ல மாட்டேன். அத்தை எனக்கு மாமியாரும் ஆனாள். எங்கள் பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், கூப்பிடுவதை மாற்ற வேண்டிய சிரமம்கூட இல்லை. அந்தக் கிராதியைப் பற்றி நானும் அவளும் ஒரு நாளும் பேசியதில்லை.

கலியாணமாகி இரண்டு மூன்று வருஷம் கழித்து, ஒரு காதுகுத்துக்காக ஆத்தூர் போனோம். திரும்பும்போது ஓர் அரிசி மில்லுக்கு முன்னால் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வண்டியை நிறுத்தினார்கள். நான் இறங்கி நின்றேன். அத்தை வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். மில் வாசலில் சல்லடைச் சட்டம் ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன்.

"சின்னம்மிணிங்களா? நல்லா இருக்கறீங்களா?" என்றார். வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "பெரியம்மிணி, சௌக்கியமுங்களா?" என்றார். அத்தை தலையை அசைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் மனைவியைப் பற்றிக் கேட்டேன். போன வருஷம் தவறிவிட்டாள் என்றார். பிறகு தயங்கித் தயங்கி என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க, கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு நான் கயிறு கட்டச் சொன்னனுங்களா, சொல்லலீங்களா? சொன்னதாட்டத்தான் இருக்குது. அத்தனை பேரும் சொல்லுலீன்னு சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமாப் போச்சுங்க. என்ற பொண்டாட்டி சாகற வரைக்கும் கேட்டா, நீ நெசமாலும் சொன்னியா இல்லியான்னு. அவ அன்னைக்குப் பக்கத்துல இல்லீங்களே. நீங்க இருந்தீங்க. அந்தப் புள்ளை கை போனது என்னாலதானான்னு தெரிஞ்சாப் போதுமுங்க, வேற ஒண்ணும் வேண்டாம்."

அவர் கேட்டது ஒரு சொல். வண்டி இரண்டு முழத் தூரத்தில் நின்றது. அத்தை திரும்பவில்லை, ஆனால் அவள் கையில் ஆடிக்கொண்டிருந்த விசிறி நின்றுவிட்டது. இப்போது நான் ஒன்பது வயதுக் குழந்தை இல்லை. பயந்துக்கிச்சு என்று யாரும் சொல்ல முடியாது.

"எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

என் வாழ்நாளில் அவருக்கு முதன்முதலாக 'ங்க' போட்டுப் பேசியது அதுதான். மரியாதையைக் கொடுத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டேன்.

"அப்பச் சொல்லாமத்தான் உட்டிருப்பேனுங்க" என்றார். "போச்சாது, உடுங்க. வெய்யில்ல நிக்காதீங்க, வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுச் சல்லடையிடம் போய்க் குந்திக்கொண்டார். நான் வண்டியில் ஏறினேன். அத்தை தன் முந்தானையால் என் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டாள்.

அத்தை போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அக்கா போன வருஷம் போனாள். அவளிடமும் சொல்லவில்லை. ஆசாரி எந்த வருஷம் போனார் என்று விசாரிக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்க வேண்டியவர்கள் ஒருவரும் இல்லாதபோது உண்மை பேசுவது பெரிய சாமர்த்தியம் இல்லை, அது எனக்குத் தெரியும். உங்களிடம் மன்னிப்பு வாங்கி என்ன செய்யப்போகிறேன்? உங்களில் யாராவது ஆத்தூர்ப் பக்கத்தில் அவர் பிள்ளை வழியில் ஒருவரைக் கண்டால், அவரிடம் இதை மட்டும் சொல்லுங்கள்.

அவர் சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு, நிதானமாக, ஒரு சொல் விடாமல் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.